சேமக்காலை வாசல் மண்டபம்: இடியும் முன் செய்ய வேண்டியவை

பழைய சேமக்காலையின் (கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தின்) வாசல் மண்டபத்தைத் திருத்த வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். வெடித்த வளைவு, அரசங்கன்று முளைத்த நெற்றிச் சுவர், ஓடு சரிந்த காவலாளி அறை எல்லாம் உடனே கண்ணில் படும். அவற்றைப் பிறகு பார்க்கலாம். முதலில் குந்தியிருந்து சுவரின் அடியைப் பாருங்கள். நிலத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு யாரோ எப்போதோ சீமெந்து பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு முடிகிற கோட்டுக்குச் சற்று மேலே கல் மாவாக உதிரும். அந்த மாவை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். மண்டபம் அழியத் தொடங்கிய இடம் அதுதான்.

திருகோணமலைப் பட்டினத்தில் கடலுக்குத் தூரமான இடம் என்று எதுவும் இல்லை. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். இங்குள்ள பழைய சுவர்கள் கருங்கல், முருகைக்கல் (பவளப்பாறைக் கல்), செங்கல் எது கைக்கு அகப்பட்டதோ அதைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியவை. அந்தச் சாந்து ஈரத்தை உள்ளே எடுத்து, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சீமெந்து பூசினால் அந்த வழி அடைபடுகிறது. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் காயும். அங்கே உப்பு படிகமாகிப் பருத்து, கல்லின் முகத்தை உள்ளிருந்து தள்ளி உடைக்கும். ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் இது நடக்கும். உதிர்வதைப் பார்த்து இன்னும் ஒரு அடி உயரத்துக்குச் சீமெந்து பூசுவார்கள். அடுத்த வருடம் அதற்கு மேலே உதிரும்.

இரண்டாவது காரணம் வீதி. கிரவலும் தாருமாகப் பல தடவை போட்டதில் வீதி ஏறிவிட்டது, மண்டபத்தின் தரை பள்ளமாகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் வாசலுக்குள் வந்து நின்றுதான் போகிறது. மூன்றாவது காரணம் ஆட்கள் இல்லாமை. கல்லறைகளுக்கு உரிய குடும்பங்கள் இடம்பெயர்ந்து போன சேமக்காலையில் பீலியை அள்ளவும் கன்றைப் பிடுங்கவும் யாரும் வருவதில்லை. நிலாவெளி வீதியில் ஆறாம் கட்டைக்கு அருகே உள்ள போர்வீரர் மயானம் இன்றும் ஒழுங்காக இருக்கிறது என்றால், பொதுநலவாய போர்க் கல்லறை ஆணைக்குழு அதைத் தொடர்ந்து பராமரிப்பதுதான் காரணம். பட்டினத்தின் பழைய சேமக்காலைகள் அதைவிட வயதானவை. 1852 அக்டோபர் 7 அன்று பர்மாவின் ஐராவதி ஆற்றில் இறந்த கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஒஸ்ரின், எழுத்தாளர் ஜேன் ஒஸ்ரினின் தம்பி, அடக்கம் செய்யப்பட்டது இந்த ஊரில்தான். அப்படிப்பட்ட இடத்துக்குள் நுழைகிற வாசல் ஒரு மாரியோடு குவியலாகிவிட விடக்கூடாது.

தொடுமுன் அனுமதி

காணி யாருடையது என்பதை முதலில் உறுதியாக்குங்கள். திருச்சபையா, உள்ளூராட்சி சபையா, அரச காணியா என்று பிரதேச செயலகத்திலும் காணிப் பதிவகத்திலும் பார்த்து, நில அளவை வரைபடத்தின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீதி அகலித்தபோது மண்டபத்தின் ஒரு பக்கச் சுவர் வீதி எல்லைக்குள் போயிருக்கவும் கூடும்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லைக் கோடாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தியதென நம்பப்படும் கட்டுமானம் எதுவானாலும் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது. பிரித்தானியர் இங்கே வந்தது 1795இல் என்பதால் ஒல்லாந்தர் காலத்தவை மட்டுமன்றி ஆங்கிலேயர் கட்டிய மிகப் பழைய சிலவும் இந்தக் கோட்டுக்கு முன்னால் விழும். பிந்தியதென்று தெரிந்தாலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அந்தப் பதில் கடிதம் பிற்காலத்தில் உதவும். உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றருக்குள் இருந்தால் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும்.

விண்ணப்பத்தோடு படங்கள் வையுங்கள். நான்கு பக்கமும் நேராகவும், ஒவ்வொரு வெடிப்பையும் அளவுகோல் பக்கத்தில் தெரியும்படியும் எடுத்த படங்கள் வேண்டும். கீழே விழுந்து கிடக்கும் கற்களை ஒருவரும் அள்ளிப் போக விடாமல் இலக்கமிட்டு ஒரு மூலையில் அடுக்குங்கள். கல்லறைகளின் மேல் அடுக்க வேண்டாம். முருகைக்கல் அகழ்வது சட்டப்படி தடை. ஆகவே விழுந்த கல்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே முருகைக்கல்.

காலம்

மாசியிலிருந்து சித்திரை வரை சுண்ணாம்பு வேலைக்கு மிக நல்ல காலம். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று (வறண்ட தென்மேல் காற்று) அடிக்கும்போது சாந்து இறுகுமுன் காய்ந்து தூளாகும். செய்யவே முடியாது என்றில்லை, ஈரச் சாக்கு மறைப்பு இரட்டிப்பாக வேண்டும். ஆவணி கடைசிக்குள் சாந்து வேலை முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து மெதுவாகத்தான் கல்லாகிறது. புதுச் சாந்தின் மேல் மாரி இறங்கினால் கழுவிக்கொண்டு போகும். கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறை துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றும் நவம்பர் 2இல் வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இடையில் மரணவீடு எந்த நாளும் வரும். சாரம் கட்டும்போது நடுவில் 2.4 மீற்றர் அகலம், பெட்டியைத் தோளில் தூக்கி வருகிறவர்களின் தலை தட்டாத உயரம், இரண்டையும் முதல் நாளிலிருந்தே விட்டுவையுங்கள்.

முதலில் விழாமல் தாங்குதல்

வளைவின் உச்சிக்கல் இறங்கியிருந்தால் அதை மேலே தள்ள முயலாதீர்கள். தூண்கள் வெளியே விலகியதால்தான் அது இறங்கியது. மேலே தள்ளினால் தூண்கள் இன்னும் விலகும். வளைவின் உள்வளைவை அட்டையில் வரைந்து எடுத்து, அதே வளைவில் 18 மி.மீ. ஒட்டுப்பலகையில் இரண்டு சட்டங்கள் வெட்டி, குறுக்கே 50 மி.மீ. அகலச் சலாகைகளை நெருக்கமாக அடித்து ஒரு பத்தல் (வளைவைக் கீழிருந்து தாங்கும் தற்காலிக அச்சு) செய்யுங்கள். அதை உறுதியான கால்களில் நிறுத்தி, ஒவ்வொரு காலின் கீழும் எதிரெதிராக இரண்டு ஆப்பு வைத்து, பத்தல் கல்லைத் தொடும் வரை மட்டும் தட்டுங்கள். தொட்டவுடன் நிறுத்திவிடுங்கள். கால்கள் வெறும் மண்ணில் நிற்கக் கூடாது, தடித்த பலகையின் மேல் நிற்கட்டும்.

வெடிப்பு இன்னும் ஓடுகிறதா என்று அறிய, வெடிப்பின் இரு பக்கமும் 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு பித்தளைத் திருகாணி பொருத்தி, வாரத்துக்கு ஒரு முறை காலை 7 மணிக்கு வேர்னியர் அளவியால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். நேரம் முக்கியம். மத்தியான வெயிலில் சுவர் விரியும், காலையும் மத்தியானமும் மாறி மாறி அளந்தால் இல்லாத அசைவு தெரியும். குறைந்தது ஒரு மாரியும் ஒரு கோடையும் அளந்த பிறகுதான் ‘நின்றுவிட்டது’ என்று சொல்லலாம். தொடர்ந்து ஓடும் வெடிப்பு என்றால் சாந்து அடைத்துப் பயனில்லை. பழைய கட்டிடம் பார்த்துப் பழகிய பொறியியலாளர் ஒருவரைக் கூட்டி வர வேண்டும்.

கூரை போயிருந்தால் தகரம் போட்டு மறைக்கலாம். ஆனால் தகரத்தைச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். தனியாக நட்ட தூண்களில் கட்டுங்கள். புயல் வந்தால் தகரம் போகட்டும், சுவரையும் இழுத்துக்கொண்டு போகக்கூடாது. சுவருக்கு வெளியே 300 மி.மீ. நீட்டி, பக்கங்களைக் காற்றோட்டமாக விடுங்கள். தறப்பாளால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்த்து, மழையில் நனைந்ததைவிட மோசமாகும்.

தண்ணீரை வெளியே அனுப்புதல்

சுவரடி மண், உள்தரையைவிட 150 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். வெட்டத் தொடங்குமுன் ஒரு மூலையில் சிறு குழி தோண்டி அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். இரண்டு அடிக்கும் குறைவான அத்திவாரம் அபூர்வமல்ல. கான் வெட்டுவது சுவரிலிருந்து குறைந்தது 300 மி.மீ. தள்ளி, அத்திவாரத்தின் அடியைவிட மேலே. சரிவு 100க்கு 1. அடியில் 20 மி.மீ. கல், மேலே மணல், நடுவே துளையிட்ட குழாய். வெளியேறும் வாய் வீதிக் கானைவிட உயரமாக இல்லாவிட்டால் வீதித் தண்ணீர் திரும்பி வரும். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை இது. மட்டக்குழாய் வைத்துப் பார்த்த பிறகே வெட்டுங்கள்.

சேமக்காலையில் வெட்டுகிறோம் என்பதை ஒரு நாளும் மறக்கக் கூடாது. வாசலருகே அடையாளமில்லாத கல்லறைகள் இருக்கலாம். எலும்பு தென்பட்டால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி, மூடி மறைக்காமல், பொலிஸாருக்கும் காணிக்குப் பொறுப்பானவர்களுக்கும் அறிவிக்க வேண்டும்.

செடி

அரசும் ஆலும் காகம் கொண்டுவந்து போட்டவை. விரல் தடிப்புள்ள கன்றை ஈரமான காலத்தில் வேரோடு இழுத்துவிடலாம். கை தடிப்புக்கு மேல் போனதை இழுத்தால் இரண்டு கல் கூடவே வரும். அதை மட்டமாக வெட்டி, அடியில் ஒரு சாண் அளவுக்குப் பட்டையைச் சுற்றிவர உரித்து, துளிர்க்கும் ஒவ்வொரு தளிரையும் கிள்ளிக்கொண்டே வந்தால் ஓரிரு வருடத்தில் காய்ந்து போகும். பிறகு வேரைத் துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தை அன்றே சாந்தும் கல்லும் கொண்டு நிரப்புங்கள். வெட்டிய வேரில் உப்பு கொட்டுவதும் பற்றரி அசிட் ஊற்றுவதும் ஊரில் வழக்கம். உப்பு ஏற்கனவே கல்லைத் தின்றுகொண்டிருக்கிறது. அசிட் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். இரண்டையும் அந்தச் சுவரின் பக்கமே கொண்டு போக வேண்டாம்.

சீமெந்தைக் கழற்றுதல்

பூச்சைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெறுமையாகக் கேட்கும் இடம் தானாகவே கழன்றிருக்கிறது, சிறு உளியால் எடுத்துவிடலாம். கட்டியாகக் கேட்கும் இடத்தில் பூச்சைக் கல்லோடு சேர்த்துப் பிளக்காதீர்கள். கிரைண்டரால் பூச்சின் தடிப்பளவுக்கு மட்டும் 75 மி.மீ. கட்டங்களாகக் கீறி, ஒவ்வொரு துண்டாக ஓரத்திலிருந்து நெம்புங்கள். அதற்கும் வராமல் கல்லின் முகத்தையே பிடித்து இழுத்தால் அங்கே விட்டுவிடுங்கள். உடைக்கும் மெஷின் வேண்டாம். அதன் அதிர்வு வளைவு வரை போகும்.

கழற்றிய சுவரை ஒரு கோடை முழுவதும் காய விடுங்கள். இந்த ஒரு வேலையில் அவசரப்பட்டதால்தான் மற்ற எல்லா வேலையும் பாழாகிறது. பூக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் துடைத்து, சட்டியில் ஏந்தி அப்புறப்படுத்துங்கள். கீழே விழவிட்டால் அடுத்த மழையோடு மீண்டும் ஏறும். தண்ணீர் பீச்சிக் கழுவுவது உப்பை உள்ளே தள்ளும் வேலை. மிகக் கடுமையான இடங்களில் அச்சிடாத வெள்ளைக் கடதாசியை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி 15 மி.மீ. தடிப்புக்கு அப்பி, இரண்டு மூன்று வாரம் முற்றாகக் காய்ந்த பிறகு உரித்து எறியுங்கள். உப்பு கடதாசிக்கு வந்திருக்கும். தேவையானால் மீண்டும் ஒரு முறை செய்யலாம்.

சுண்ணாம்பு

பழைய சாந்தில் ஒரு கட்டியை முதலில் பூதக்கண்ணாடியால் பாருங்கள். இங்குள்ள சாந்தில் சிப்பித் துண்டும் முருகைத் துண்டும் கலந்திருப்பதுண்டு. பிறகு பொடித்து வினாகிரியில் போட்டுச் சுண்ணாம்பைக் கரைத்தால் மணல் மிஞ்சும். அதன் நிறமும் பருமனும்தான் உங்கள் புது மணலுக்கு மாதிரி. கண்ணாடியால் பார்க்காமல் நேரே வினாகிரியில் போட்டால் சிப்பியும் கரைந்துவிடும், மணல் குறைவான சாந்து என்று பிழையாகக் கணக்கிடுவீர்கள்.

மணல் மகாவலி ஆற்று மணலாக இருக்கட்டும், அனுமதிப் பத்திரத்தோடு வந்ததாக இருக்கட்டும். கடல் மணலைக் கழுவியும் பாவிக்க வேண்டாம். போத்தலில் பாதிக்கு மணல், மீதிக்குத் தண்ணீர் போட்டுக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே படியும் மண்டி மணலின் உயரத்தில் 20இல் ஒன்றுக்கு மேல் இருந்தால் அலசாமல் எடுக்காதீர்கள்.

சுட்ட சுண்ணாம்பு கிடைத்தால் நீங்களே நீற்றுவதுதான் நல்லது. இரும்புப் பீப்பாவை நீளவாக்கில் பாதியாக வெட்டி, 25 கிலோ சுண்ணாம்புக்கு 75 லீற்றர் தண்ணீர் முதலில் ஊற்றி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகத் தண்ணீரில் போட்டு நீண்ட கை மண்வெட்டியால் கிளறுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். பிளாஸ்ரிக் பீப்பா சூட்டில் இளகிவிடும். கண்ணுக்கு மூடு கண்ணாடி, கைக்கு நீண்ட கையுறை, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் கட்டாயம். கண்ணில் பட்டால் இருபது நிமிடம் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஒழுங்கு செய்யுங்கள். கொதி அடங்கியதும் 3 மி.மீ. சல்லடையில் வடித்து, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க மூடி வையுங்கள். ஒரு மாதம் கட்டாயம், மூன்று மாதம் நல்லது. மலைநாட்டு டொலமைட்டில் சுட்டதென்றால் இன்னும் நீண்ட காலம் வைக்க வேண்டும். அதிலுள்ள மக்னீசியா மெதுவாகத்தான் நீறும், அவசரத்தில் பூசினால் மாதங்கள் கழித்துப் பூச்சில் பொரிப் பொரியாகக் கிளம்பும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் பதத்துக்கு இறுகி, கரண்டியில் ஒட்டாமல் வெட்டுப்பட்டால் சரி.

பையில் விற்கும் நீற்றிய தூளும் உதவும், புதிதாக இருந்தால் மட்டும். ஒரு சிட்டிகையில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நன்றாகப் பொங்கினால் அது பைக்குள்ளேயே பழுதாகிவிட்டது. பொங்காத தூளைத் தண்ணீரில் ஒரு நாளாவது ஊறவைத்து எடுங்கள்.

கலவை 1 பங்கு சுண்ணாம்பு, 2½ பங்கு மணல். நிலத்திலிருந்து ஒரு மீற்றர் வரைக்கும், மழை நேரே விழும் சுவர் உச்சிக்கும், குறைந்த சூட்டில் வெந்த செங்கல்லின் மெல்லிய தூளைச் சுண்ணாம்பில் கால் பங்கு அளவுக்குச் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். தண்ணீர் சேர்க்காமல் உலக்கையால் இருபது நிமிடம் இடியுங்கள். முதலில் வறண்டதாகத் தெரியும். இடிக்க இடிக்க இளகி வரும். பனங்கட்டியும் கடுக்காயும் போட்டுப் பழைய காலத்தில் குழைத்தார்கள் என்பது உண்மை. மூட்டு நிரப்பும் வேலைக்கு அவை வேண்டியதில்லை, இனிப்பு கூடினால் சாந்து இறுகவே மாட்டாது.

அளவுக்கு ஒரு கணக்கு. ஒழுங்கற்ற கற்சுவரில் ஒரு சதுர மீற்றருக்குச் சராசரியாக 10 மீற்றர் மூட்டு, 20 மி.மீ. அகலம், 40 மி.மீ. ஆழம் என்று வைத்தால் 8 லீற்றர் சாந்து. 40 சதுர மீற்றருக்கு 320, சேதத்தோடு 385 லீற்றர். சுண்ணாம்பு மணலின் இடைவெளிக்குள் போய்விடுவதால் மணலும் அதே 385 லீற்றர்தான் வேண்டும், சுண்ணாம்புக் களி 155 லீற்றர். அதற்குச் சுட்ட சுண்ணாம்பு 80 கிலோ வாங்கினால் போதும்.

மூட்டை அதன் அகலத்தின் இரு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மி.மீ., கையாலேயே சுரண்டி, தூசி தட்டி, முந்திய நாள் பின்னேரமும் அன்று காலையும் நனையுங்கள். சாந்தை 15 மி.மீ. தடிப்புக்கு மேல் ஒரே தடவையில் திணிக்காதீர்கள். கல்லின் முகத்தை மூடாமல் சற்று உள்ளே நிறுத்துங்கள். மறுநாள், நகம் மட்டும் பதியும் பதத்தில், முரட்டுத் தூரிகையின் நுனியால் குத்தி இறுக்குங்கள். இதைத் தவறவிட்டால் மேலே வெள்ளைத் தோல் படிந்து, அதன் கீழே மென்மையாகவே இருந்துவிடும். பிறகு ஈரச் சாக்கு ஏழு நாள், கச்சான் காலத்தில் பதினான்கு நாள். சாக்கு சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கட்டும். வெள்ளையடிப்பது பால் பதத்தில் ஐந்து மெல்லிய பூச்சு, நாளுக்கொன்று. கடையில் விற்கும் எமல்ஷன் பெயின்ற் சீமெந்தைப் போலவே சுவரை அடைக்கும்.

மரமும் இரும்பும்

கைமரங்களில் உக்குவது பெரும்பாலும் சுவருக்குள் போன நுனிதான். முழு மரத்தையும் மாற்றாமல் உக்கிய நுனியை வெட்டி, சாய்வு மூட்டில் புதுத் துண்டு சேர்த்து, துருவேறா உருக்கு போல்ற் போடுங்கள். பாலை, முதிரை இரண்டும் கறையானுக்கு நின்று பிடிக்கும். மர ஆலைகளில் ஹல்மில்ல என்று கேட்டால் கிடைக்கும் மரமும் நல்லது. வெளிநாட்டு வாணிபத்தில் அதற்குத் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர். நுனியைச் சுற்றி 25 மி.மீ. காற்றிடைவெளி விடுங்கள். பிற்காலத்தில் போட்ட அஸ்பெஸ்ரஸ் தகடு இருந்தால் நனைத்து, உடைக்காமல், முழுத் தகடாக இறக்குங்கள்.

படலையின் இரும்புப் பிணைச்சல்கள் கல்லுக்குள் ஈயம் காய்ச்சி ஊற்றிப் பொருத்தியவை. துரு இரும்பைவிடப் பல மடங்கு பருக்கும். தூண் மூலைக்கல் பிளந்திருப்பது அநேகமாக அதனால்தான், வாகனம் மோதியதால் அல்ல. மோதிய தடத்தில் கல் நசிந்திருக்கும், துருப் பிளவில் கல் வாய் திறந்து உள்ளே செம்மண் நிறம் தெரியும். பழைய இரும்பை எடுத்தால் 316 ரக துருவேறா உருக்கு வையுங்கள், 304 இந்தக் காற்றில் புள்ளி விழும். படலை வார்ப்பிரும்பா அடித்த இரும்பா என்று பார்க்காமல் வெல்டரிடம் கொடுக்காதீர்கள். வார்ப்பிரும்பைச் சாதாரணக் குச்சியால் ஒட்டினால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். அதற்கு நிக்கல் குச்சியும் மெதுவாக ஆறவிடும் பொறுமையும் வேண்டும்.

படலையைத் தொங்கவிட்ட பிறகு காவலாளி அறையின் திறப்பை அருகில் இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். மண்வெட்டி, தும்புத்தடி, அடக்கப் பதிவுக் கொப்பி எது வைப்பதற்கானாலும் அந்த அறை வாரம் ஒரு முறை திறபட வேண்டும். புரட்டாதியில் பீலியை அள்ளி, நெற்றிச் சுவரில் முளைத்த கன்றுகளைப் பிடுங்குங்கள். முதல் பெருமழை கொட்டும்போது குடையோடு போய் மண்டபத்துக்கு எதிரே கால் மணி நேரம் நின்று, தண்ணீர் எங்கே விழுந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, வெடிப்பு அளக்கும் அதே கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள்.